கல்வராயன் மலையடியிலிருந்து மங்காவுக்குள் ஒரு வழி

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, ஜப்பானிய மூலத்தோடு தமிழ் ஒலிப்பதிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் யூகோ சாகோ, ராம் மோகன், கொய்ச்சி சசாகி மூவரும் சேர்ந்து உருவாக்கிய ராமாயண அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், தமிழிலும் திரையேறியது. அதற்கும் முன்பே, 2022-இல், சோனி யே அலைவரிசை ‘நருட்டோ’வைத் தமிழில் ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. க்ரஞ்சிரோல் செயலியில் ‘ஜுஜுட்சு கைசன்’, ‘சோலோ லெவலிங்’ ஆகியவை தமிழ் பேசுகின்றன. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் கச்சிராயபாளையம் வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. வீட்டிலிருக்கும் பெரியவர்கள்தான் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, “எந்நேரமும் கத்திச் சண்டை, மூஞ்சில பாதி கண்ணு” என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெரியவர்களுக்கானது. நாவல் படிப்பவர்கள், சிறுவயதில் முத்து காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள், திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். இவர்களில் யாராவது ஆர்வப்பட்டு, “எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டால் ஒரு பட்டியல் கையில் கிடைக்கும். பெரும்பாலும் அதன் தலையில் ‘ஒன் பீஸ்’ இருக்கும். 1997-இல் தொடங்கி இன்றும் முடியாத கதை அது. நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. தொலைக்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அதன் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிதாக வருபவரை அங்கே இறக்கிவிட்டால் ஒரே வாரத்தில் கரையேறிவிடுவார். புகழ் வரிசையை ஒதுக்கிவிட்டு, நம் கண்ணும் காதும் ஏற்கெனவே எதில் பழகியிருக்கின்றனவோ அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரருக்கு அப்படிப்பட்ட வாசல்கள் நிறையவே உண்டு. கூத்து, காடு, வயல், வாலிபால் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் மங்கா என்றால் ஒரே மாதிரியான கதை என்ற எண்ணத்தை விட வேண்டும். ஜப்பானில் அச்சாகும் படக்கதை எல்லாமே மங்காதான். துப்பறியும் கதை, சமையல் கதை, போர் நினைவு, வேளாண்மை, காதல், தத்துவம் எதுவும் அதற்கு வெளியே இல்லை. இதழ்கள் வாசகரின் வயதையும் பாலினத்தையும் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: சிறுவர்களுக்கு, சிறுமிகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என. நம் வீடுகளில் குழந்தைகள் சாப்பிடும்போது ஓடுகிற ‘ஷின்-சான்’ தொடரை யோஷிதோ உசுய் 1990-இல் வரையத் தொடங்கியது பெரியவர்களுக்கான வார இதழில். ஒரு குழந்தையை வைத்துப் பெற்றோரின் உலகத்தைக் கிண்டல் செய்த தொடர் அது. கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கு என்று நாம் முடிவுகட்டி அவர்கள் முன்னால் வைத்துவிட்டோம்.

வாரத் தொடர் என்ற ஏற்பாட்டைத் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாரம்தோறும் இதழுக்குக் காத்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வந்தியத்தேவனின் முகம் மணியம் வரைந்த முகமாகவே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றால் பழைய விகடன் வாசகருக்குக் கோபுலுவின் கோடுகள் நினைவுக்கு வரும். 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழும் இப்படித்தான் வளர்ந்தது. 1990-களின் நடுவில் அதன் விற்பனை வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். பின்தங்கிய தொடர் சில மாதங்களில் நின்றுவிடும். ஒவ்வொரு இருபது பக்கமும் ஏன் ஓர் அதிர்ச்சியில் முடிகிறது, ஒரே சண்டை ஏன் எட்டு வாரம் நீள்கிறது என்பதற்கெல்லாம் காரணம் அந்த அஞ்சலட்டைதான். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது இழுவையாகத் தெரிவது, வாரம் ஒன்றாகப் படித்தவருக்கு இழுவையாகத் தெரிந்திருக்காது. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் படக்கதை மரபு வலுவாக இருந்தும் அச்சில் மங்கா வேரூன்றவில்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் வந்த ராணி காமிக்ஸ் ஆகியவை பிரிட்டனையும் இத்தாலியையும் பிரான்ஸ், பெல்ஜியத்தையும் நம் ஊர்ப் பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு நெருங்கிய சொந்தம்போல ஆனார்கள். அந்த வரிசையில் ஜப்பானுக்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை. நீளம்தான் முக்கியமான தடை என்று நினைக்கிறேன். ஐரோப்பியக் கதை ஐம்பது பக்கத்தில் முடியும். ஒரு இதழில் போட்டு விற்றுவிடலாம். ‘நருட்டோ’ 72 தொகுதி. முதல் தொகுதியைப் போடும் பதிப்பாளர் எழுபத்திரண்டாவதையும் போடுவார் என்று வாசகர் நம்ப வேண்டும். அத்தனையையும் வாங்கத் தயாரான வாசகர்கள் இருக்கிறார்கள் என்று பதிப்பாளரும் நம்ப வேண்டும்.

இந்தியாவில் அச்சு மங்காவை விற்க ஒரு ஜப்பானிய ஓவியரே நேரில் வந்து முயன்றிருக்கிறார். யூகிச்சி யாமாமட்சு என்ற நடுவயதுக்காரர் ஒரு சாமுராய் மங்காவை இந்தியில் பெயர்த்து விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையோடு டெல்லிக்கு வந்தார். இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் போதாது. தெருவில் வைத்து விற்றுப் பார்த்தார், போணியாகவில்லை. அந்தத் தோல்வியையே அவர் பிறகு மங்காவாக வரைந்தார். அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம். மொழிபெயர்த்தவர் குமார் சிவசுப்பிரமணியன். நம் தெருக்களின் இரைச்சலும் பேரமும் வயிற்றுக்கோளாறும் வெளியாள் ஒருவர் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்பது ஒவ்வொரு பக்கத்திலும் பதிவாகியிருக்கிறது. புரியாத ஊருக்குள் நுழைபவரின் தவிப்பை நேர்மையாகச் சொல்லும் புத்தகம் என்பதால், மங்காவுக்குப் புதியவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இனிப் பக்கத்தைப் படிக்கும் முறை. மங்கா வலமிருந்து இடமாகப் போகும். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதுதான் அங்கே முதல் பக்கம். கட்டங்களை மேல் வலது மூலையிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகவும் கீழாகவும் படிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் பேச்சையும் அப்படியே. ஒரு காலத்தில் ஆங்கிலப் பதிப்பாளர்கள் பக்கத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி அச்சிட்டார்கள். அதனால் வலக்கை வீரர்கள் எல்லாம் இடக்கை வீரர்கள் ஆனார்கள். இப்போது மூல வரிசையை மாற்றாமலே அச்சிடுவதுதான் வழக்கம். இரண்டு அத்தியாயம் தாண்டியதும் கண் தானே பழகிவிடும்.

அதைவிட முக்கியம் வேகம். ஐரோப்பியப் படக்கதையில் ஒரு கட்டத்துக்குள் நிறைய செய்தி இருக்கும். நின்று படிக்க வேண்டும். மங்காவில் பல கட்டங்களில் வார்த்தையே இருக்காது. ஓடுகிற கால், கூரையில் விழும் மழை, ஒரு கண், காலியான வகுப்பறை. ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் வெளியிட்ட படக்கதை ஆய்வு நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். மேற்கத்தியக் கதையில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது செயல் நகர்கிறது. ஜப்பானியக் கதையிலோ பல நேரம் செயல் நின்றுவிட, பார்வை மட்டும் ஓர் இடத்தைச் சுற்றி வருகிறது. அந்தக் கட்டங்களைத் தாண்டிப் போகிறவருக்கு மங்கா வெறும் சண்டையாகத்தான் தெரியும். அங்கே ஒரு நொடி நின்றால் அந்த இடத்தின் ஈரமும் அமைதியும் நமக்குள் வரும்.

அனிமேயில் முகம் அசையாமல் வாய் மட்டும் அசைவதைப் பார்த்து மலிவான வேலை என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாரத் தொடராகத் தொடங்கியது. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்துக்கு அத்தனை ஓவியம் வரையப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்குப் பிடித்துவைத்தார்கள். ஆக நொடிக்கு எட்டு ஓவியம். அசைவில் குறைந்ததைக் கோணத்திலும் ஒலியிலும் வெட்டிலும் ஈடுகட்டினார்கள். வறுமையில் பிறந்த அந்த உத்தி பின்னால் ஒரு பாணியாக நிலைத்துவிட்டது. உறைந்து நிற்கும் முகம், பின்னால் ஓடும் கோடுகள், ஒற்றைச் சொல் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

கூத்துப் பார்த்த கண்ணுக்கு இந்த உறைந்த முகம் அந்நியமாக இருக்காது. விழுப்புரம், செஞ்சி, கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் தெருக்கூத்தில் முக்கியமான வேஷம் திரைக்குப் பின்னாலிருந்துதான் வரும். இருவர் திரையைப் பிடித்து நிற்பார்கள். உள்ளேயிருந்து பாட்டு வரும், கிரீடம் மட்டும் தெரியும், சலங்கை ஒலிக்கும். திரை விலகியதும் வேஷக்காரர் தன் பெயர், குலம், வீரம் எல்லாவற்றையும் தானே பாடிச் சொல்வார். கட்டியங்காரன் இடையில் புகுந்து கேள்வி கேட்பான். சண்டைக்கு நடுவே நெடுநேரம் தர்க்கம் நடக்கும். எதிரி அதுவரை நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து நம் ஊரில் யாரும், “நிஜத்தில் இப்படி நடக்குமா?” என்று கேட்டதில்லை.

அனிமே வீரன் வாளை உருவும்போது தன் அடியின் பெயரை உரக்கச் சொல்வதும், அதைப் பிரயோகிக்கும் முன் அதன் வரலாற்றைச் சொல்வதும், எதிரி அதற்குக் காத்திருப்பதும் புதியவரை எரிச்சலூட்டும் முதல் விஷயங்கள். யதார்த்தச் சினிமாவை அளவுகோலாக வைத்தால் அது குறைதான். கூத்தின் அளவுகோலை வைத்தால் அது முறை. வேஷம் தன்னை அறிவித்துக்கொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும். மிகையாக வரைந்த கண்ணும் புருவமும்கூட அந்த முறையில் சேர்ந்தவை. பத்துப் பதினைந்து வரிசை தாண்டி உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் கோபம் தெரிய வேண்டும் என்றுதான் கூத்தில் முகத்தில் அவ்வளவு வண்ணம் பூசுகிறார்கள்.

இன்னும் ஆழமான ஒற்றுமை படுகளத்தில் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில் ஊர் வெளியில் துரியோதனனை மண்ணால் மல்லாந்த உருவாகச் செய்து வைப்பார்கள். பீம வேஷமும் துரியோதன வேஷமும் அந்த மண்ணுடல் மேலேயே ஓடிச் சண்டையிடுவார்கள். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதோடு விட்டுவிடுவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். அநியாயக்காரன் என்று இரவெல்லாம் ஏசிய அதே ஊர்ப் பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் நூலாக வெளியிடத் தொடங்கியது இந்த உலகத்தைத்தான். நம் மாவட்டத்துக் கூவாகத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், சித்திரையில் அரவானுக்குத் தாலி அறுத்து அழும் திருநங்கையரின் ஒப்பாரியும் இதே மண்ணில்தான் எழுகிறது. போரில் செத்தவர் யாராக இருந்தாலும் அழுது வழியனுப்ப வேண்டும் என்பது இங்கே ஊறிப்போன எண்ணம்.

கொயொஹாரு கொதோகே 2016 முதல் 2020 வரை வரைந்த ‘டீமன் ஸ்லேயர்’ 23 தொகுதிகளில் முடிந்த கதை. நாயகன் தன்ஜிரோ மலைவாசி. கரி சுடும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பனியில் கரிக்கூடையைச் சுமந்து கீழேயுள்ள ஊருக்கு விற்கப் போகிறான். மறுநாள் திரும்பும்போது குடும்பம் கொலையுண்டு கிடக்கிறது. உயிரோடிருக்கும் ஒரே தங்கை நெசுகோ அரக்கியாக மாறியிருக்கிறாள். அவளைப் பெட்டியில் சுமந்துகொண்டு அரக்கர்களை வேட்டையாடப் புறப்படுகிறான். இதுவரை கேட்டால் வழக்கமான பழிவாங்கும் கதை. அனிமேயின் முதல் பருவத்தில் சிலந்தி மலை என்றொரு பகுதி வரும். அங்கே ரூயி என்ற சிறுவன் உருவ அரக்கன் பயத்தைக் காட்டி ஒரு போலிக் குடும்பத்தைக் கட்டிவைத்திருக்கிறான். கடைசியில் தலை துண்டிக்கப்படுகிறான். தலையற்ற உடல் தள்ளாடி தன்ஜிரோவின் பக்கம் வருகிறது. கொல்ல முயன்று தளர்ந்து கிடக்கும் தன்ஜிரோ அந்தச் சின்ன முதுகில் கை வைக்கிறான். அந்தத் தொடுகையில் ரூயிக்குத் தன் மனிதப் பிறவி நினைவு வருகிறது. நோயாளிக் குழந்தையாக இருந்தது, தன்னைப் பெற்றவர்களையே கொன்றது எல்லாம். உடல் சாம்பலானதும் எஞ்சிய துணியை மூத்த வீரர் கியூ மிதிக்கிறார். மனிதரைத் தின்றவனுக்கு இரக்கம் வேண்டாம் என்கிறார். காலை எடுங்கள் என்கிறான் தன்ஜிரோ. இவர்களும் ஒரு காலத்தில் மனிதர்கள்தான் என்பது அவன் கட்சி.

அந்தக் காட்சி எனக்குப் படுகளமாகவே தெரிகிறது. இந்தத் தொடரில் அரக்கர்கள் சாகும் தறுவாயில் அவர்களுடைய முன்கதை வருவது ஒரு சடங்குபோலத் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. கதையைத் தாமதப்படுத்துகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஒப்பாரியைத் தாமதம் என்று சொல்லாத ஊரில் வளர்ந்தவருக்கு இந்தத் தொடரின் உயிர் அங்கேதான் இருப்பது சட்டென்று பிடிபடும். குறைகளும் உண்டு. ஜெனிட்சு என்ற பாத்திரத்தின் ஓயாத அலறல் சோர்வூட்டும். படத்தில் கண்ணுக்குத் தெரிவதையே வசனத்திலும் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் எதிரியின் சாவுக்கு அழக் கற்றுக்கொடுக்கும் ஒரு வெகுமக்கள் கதையை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு நிறைவுதான்.

இனி மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் மலை இருந்தது. நாடு சுதந்திரமடைந்து கால் நூற்றாண்டு தாண்டி, 1976-இல்தான் ஜாகிர் ஆட்சி முடிந்து மலை அரசின் கைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது செய்தியாளர்களின் பார்வை மலை மீதும் திரும்பியது. மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாராயம், மரம் வெட்டு என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு மலையின் மக்களை அடைத்துவிடுவது வெளியுலகின் பழக்கமாகிவிட்டது. அந்த மலையில் சாமை விளைகிறது, கடுக்காய் சேகரிக்கிறார்கள், மரவள்ளி நடுகிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

இந்த மலையை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் ஹயாவோ மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’. 1997-இல் வந்தது. 2020 முதல் ஜிப்ளி நிறுவனத்தின் மற்ற படங்களோடு நெட்ஃபிளிக்ஸில் பார்க்கக் கிடைத்தது. நாயகன் அஷிதகா, பேரரசால் தோற்கடிக்கப்பட்டு ஒதுங்கி வாழும் எமிஷி குடியின் இளைஞன். வெறிபிடித்த காட்டுப்பன்றித் தெய்வம் ஊரைத் தாக்க வருகிறது. அதைக் கொன்று ஊரைக் காக்கிறான். அதன் சாபம் அவன் கையில் ஏறிக்கொள்கிறது. செத்த தெய்வத்தின் உடலிலிருந்து ஓர் இரும்புக் குண்டு கிடைக்கிறது. ஊர்ப் பாட்டி அந்தத் தெய்வத்தின் முன் மண்டியிட்டு மரியாதை செய்கிறாள். தங்களை அழிக்க வந்ததையும் வணங்கி வழியனுப்பும் அந்த ஒரு நிமிடக் காட்சியைப் பார்க்கும் எந்தத் தமிழ்க் கிராமத்தவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிறான். காட்டை வெட்டி இரும்பு உருக்கும் ஓர் ஊர். அதன் தலைவி எபோஷி. எளிதான கதையாக இருந்திருந்தால் அவள் கொடியவளாக முடிந்திருப்பாள். மியாசாகி அப்படிச் செய்யவில்லை. விலைக்கு விற்கப்பட்ட பெண்களை அவள் மீட்டு வேலை கொடுத்திருக்கிறாள். துருத்தி மிதிப்பவர்கள் அவர்கள்தான். உலகம் தீண்ட மறுத்த தொழுநோயாளிகளின் புண்ணை அவளே கழுவுகிறாள். காட்டை அழிக்கும் கைகள் ஏழைகளின் கைகள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இதைப் பார்க்கும்போது 2015 ஏப்ரல் 7 நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள்; மலையாளிப் பழங்குடிகளும் அவர்களில் உண்டு. மரத்தை விற்றுப் பணம் பார்த்தவர் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை. எபோஷியின் ஊரைப் படத்தில் பார்த்துவிட்டு இந்தச் செய்தியை மறுபடி படித்தால், காடா மனிதரா என்ற கேள்வியே தவறாக வைக்கப்பட்டது என்று தோன்றும். படமும் பொய்யான சமாதானம் எதையும் செய்துவைக்கவில்லை. ஓநாய் வளர்த்த பெண்ணான சான், மனிதரை மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் காட்டுக்கே போகிறாள். அஷிதகா இரும்பு ஊரில் தங்குகிறான்.

மலையைப் பற்றிப் பேசும்போது ‘கோல்டன் காமுய்’ தொடரையும் சொல்ல வேண்டும். சதோரு நோடா 2014 முதல் 2022 வரை வரைந்த 31 தொகுதிகள். ரஷ்ய-ஜப்பானியப் போர் முடிந்த காலம், ஹொக்கைடோ தீவு. களத்திலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன், ஐனு பழங்குடிச் சிறுமி அசிர்பாவோடு சேர்ந்து, ஐனுக்களிடம் திருடப்பட்ட தங்கத்தைத் தேடுகிறான். கதை அதுதான் என்றாலும் படிப்பவர் மனத்தில் தங்குவது அசிர்பாவின் அறிவு. கண்ணி வைப்பது, தோலுரிப்பது, எந்தப் பட்டையை எப்படி உரிப்பது, கொன்ற விலங்குக்கு எப்படி நன்றி சொல்வது. கத்தியால் இறைச்சியைக் கொத்திக்கொத்தி மசித்து உருண்டை பிடிக்கும் சமையல் பக்கக்கணக்கில் வரும். ஐனு மொழியறிஞர் ஹிரோஷி நாககவா மொழியைச் சரிபார்த்தார். 2018-இல் தெசுகா பண்பாட்டுப் பரிசின் முதன்மை விருது இத்தொடருக்குக் கிடைத்தது. 2019-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்திய மங்கா கண்காட்சியின் விளம்பர முகமும் அசிர்பாதான். ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று குறிப்பிட்டு ஜப்பான் சட்டம் இயற்றியதும் அதே 2019-இல்.

இத்தொடரில் வன்முறை மிகுதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஐனு அல்லாத ஒருவர் வரைந்தது என்ற கேள்வியும் நியாயமானது. படகர் வாழ்வைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘குறிஞ்சித்தேன்’ எழுதியபோதும் அது வெளியாளின் எழுத்துதான். வெளியாள் எழுதலாமா என்பதைவிட, எவ்வளவு கூர்ந்து கற்றுக்கொண்டு எழுதினார் என்பதையே நான் பார்க்கிறேன். அந்த அளவில் நோடா உழைத்திருக்கிறார். கல்லூரி முடித்த மலையாளி இளைஞர் ஒருவர் தன் பாட்டியிடம் கேட்டுக் கல்வராயனை இப்படி வரைந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை, ஒவ்வொரு தொகுதியைப் படிக்கும்போதும் எனக்கு எழுகிறது.

வயல்காரர்களுக்கு ஹிரோமு அரகாவாவின் ‘சில்வர் ஸ்பூன்’. அரகாவா ஹொக்கைடோவின் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். நகரத்துப் பையன் ஒருவன் படிப்புப் போட்டியில் நொந்து, வேளாண் மேல்நிலைப் பள்ளியில் சேர்கிறான். அங்கே மெலிந்த பன்றிக்குட்டி ஒன்றுக்கு, வெட்டப்படும் என்று தெரிந்தே, பன்றிக்கறிச் சோற்றின் பெயரை வைத்து வளர்க்கிறான். நாள் வந்ததும் அதன் இறைச்சி முழுவதையும் தானே விலைக்கு வாங்கி, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவர்களுக்கு அந்தச் சோற்றின் ருசி தெரியும். கடனில் மூழ்கிப் பண்ணையை இழக்கும் குடும்பமும் கதையில் வருகிறது. கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து விவசாயி, ஹொக்கைடோ விவசாயியின் முகத்தில் தன் முகத்தைப் பார்ப்பார்.

வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்கு ‘ஹைக்யூ’. மியாகி மாநிலத்துப் பள்ளி அணி ஒன்றின் கதை. உயரம் குறைந்த ஹினாதா வலைக்கு மேலே எழும் அந்த ஒரு நொடியை ஹருயிச்சி ஃபுருடதே பக்கங்கள் முழுக்க விரித்து வரைந்திருப்பார். கிராமத்து மைதானத்தில் ஒரு முறையாவது பந்தை அடித்தவருக்கு உள்ளங்கை துடிக்கும். வாசிப்பில் ஊறியவர்கள் தெசுகா 1972 முதல் 1983 வரை வரைந்த ‘புத்தா’வில் தொடங்கலாம். சித்தார்த்தன் பிறப்பதற்கு முன்பே தாட்டா என்ற தீண்டப்படாத சிறுவனையும் சாப்ரா என்ற அடிமைச் சிறுவனையும் கொண்டுவந்து நிறுத்துகிறார் தெசுகா. சாதியைப் பற்றிப் பேசாமல் புத்தரைப் பற்றிப் பேச முடியாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஆசிரியர்களுக்கு நான் எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ அவர்களில் பலருக்கு வேதம். அந்த நூலில் வரும் ரயில்பெட்டிப் பள்ளி 2023-இல் அனிமே படமாக வந்துவிட்டது.

புரியாமல் எப்படி ரசிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு தமிழ்ப் படம் பதில் சொல்லும். ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் திரையிடப்பட்டது. ஜமீன், குதிரைவண்டி, நடுநடுவே பாட்டு என்று அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத உலகம். எல்லாம் புரிந்த பிறகு ரசிக்கலாம் என்று ஜப்பானியர்கள் காத்திருக்கவில்லை. மாதக்கணக்கில் அதைக் கொண்டாடினார்கள். ஜப்பானில் இந்தியப் படத்துக்கான அதன் வசூல் சாதனையை 2022-இல் வந்த ‘ஆர்ஆர்ஆர்’ முறியடிக்க 24 ஆண்டுகள் ஆயின. முதலில் ரசித்தார்கள், பிறகு சிலர் தமிழ் கற்றுக்கொண்டார்கள். அதே துணிச்சல் நமக்கும் வேண்டும். பிள்ளைகள் பார்ப்பதைப் பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்த்தால், எது எந்த வயதுக்கு என்ற கேள்விக்கும் வீட்டிலேயே விடை கிடைக்கும். கைப்பேசியைப் பிடுங்குவதால் கிடைக்காது.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுபது தொகுதித் தொடர் முடியாது என்றால் வேண்டாம். ‘சில்வர் ஸ்பூன்’ 15 தொகுதிதான். வேளாண்மை நம் வாசகருக்குத் தெரிந்த உலகம். பன்னாட்டுப் படக்கதையை ஐம்பதாண்டுக்கும் மேலாகத் தமிழில் தந்துவரும் சிவகாசி மரபு இதற்கு முன்வர வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்ட நூலகமும் கல்வராயன் மலைப் பள்ளிகளின் நூலகங்களும் அதன் முதல் பிரதிகளை வாங்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளோடு ‘இளவரசி மோனோனோகே’யைப் போட்டுப் பாருங்கள். இரண்டேகால் மணி நேரம் ஆகும்.